நடுமணலில் இருப்பு 640

பணிநாள் 211. காலை 08:00

நடுமணல் மாற்றுத்தளம், டைட்டன். பதிவு செய்பவர் தள அலுவலர் ஜெசிந்தா கொரைரா. தளத்தில் உள்ளோர்: ஒருவர்.

டேங்க் இருப்பு 651 கிலோ. ஓடுபாதை விளக்குகள் நாற்பதும் எரிகின்றன. காற்று மேற்கிலிருந்து, மெதுவாக. வெளியே மைனஸ் 179. தளம் தயார் என்று வடகரைக் கட்டுப்பாட்டு அறைக்கு அறிக்கை அனுப்பியாயிற்று.

புதிதாக வருகிற அலுவலருக்காக ஒரு குறிப்பு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பூமியில் விமானம் எரிபொருளைச் சுமந்து போகிறது, பிராணவாயு வெளியே கிடைக்கிறது. டைட்டனில் தலைகீழ். எரிகிற மீத்தேன் வெளியே காற்றிலேயே இருக்கிறது. பிராணவாயுதான் இல்லை, அதைச் சுமக்க வேண்டும். அதனால் இங்கே ஃப்யூவல் என்று யார் சொன்னாலும் அது திரவப் பிராணவாயு.

செம்மேட்டுக் குடியிருப்பிலிருந்து ஏரிக்கரையிலுள்ள வடகரைக்குப் போகும் விமானம் பாதைக்கு வேண்டியதை ஏற்றும். அதில் நூற்றுக்கு ஐந்து கூடுதலாக ஏற்றும். வடகரையில் இறங்க முடியாவிட்டால் மாற்றுத்தளம் வரை வருவதற்கு ஏற்றும். கடைசியாக முப்பது நிமிடம் பறக்க ஒரு பங்கு. அந்த முப்பது நிமிடத்தைத் தொடும்படி ஆனால் விமானி மேடே என்ற ஆபத்து அழைப்பைச் சொல்ல வேண்டும். அந்த மாற்றுத்தளம் நடுமணல். இங்கே இறங்கும் விமானம் மறுபடி கிளம்பி வடகரை போய்ச் சேர, நான் எப்போதும் 640 கிலோ வைத்திருக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தாலும் தளம் மூடியதாக அறிவிக்க வேண்டும். தளம் மூடினால் பாதையே மூடும். மாற்றுத்தளம் இல்லாமல் விமானம் கிளம்பக் கூடாது.

ஆறு வருடமாக இங்கே ஒரு விமானமும் திசைமாறி வந்து இறங்கியதில்லை. சாமான் கொண்டுவரும் விமானம் நாற்பது நாளுக்கு ஒருமுறை வரும்.

குறிப்பு முடிந்தது.

பணிநாள் 212. காலை 10:40

பிளப்பான் நின்றுவிட்டது. பனியைப் பிளந்து பிராணவாயு எடுக்கும் இயந்திரம். உள்ளே உள்ள சவ்வு மேலிருந்து கீழ்வரை விரிசல். கையில் மாற்றுச் சவ்வு இல்லை. பட்டியலில் ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறது. பெட்டியைத் திறந்தேன். காலி.

டேங்க் நாளொன்றுக்கு ஏழு கிலோ ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். எப்போதும் அப்படித்தான். பிளப்பான் அதை ஈடுகட்டி வந்தது. இனி ஈடுகட்டாது.

பணிநாள் 214. காலை 08:00

இருப்பு 637. விதிப்படி இன்று மூடல் அறிவிப்பு அனுப்ப வேண்டும். எழுதி வைத்தேன். அனுப்பும் முன் வடகரையைக் கூப்பிட்டேன். பணியில் குப்புராஜ் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், கட்டுப்பாட்டு அறையில் நான்கு வருடமாக இருக்கிறார். நேரில் பார்த்ததில்லை. தினமும் எட்டு மணிக்கு அவருடைய குரல்தான்.

வானொலிப் பதிவிலிருந்து:

"அக்கா, மூடுறேன்னு சொன்னீங்கன்னா என்னாகும்னு யோசிச்சீங்களா? சவ்வு செம்மேட்லதானுங்க செய்யணும். அங்கிருந்து இங்க வந்து, இங்கிருந்து உங்களுக்கு வரணும். பாதைய மூடிட்டா எந்த ஃப்ளைட்டுல வரும்?"

"தரைவழியா சங்கிலி வண்டியில அனுப்பலாமே."

"அது மணல்மேடெல்லாம் ஏறி எறங்கி வர முப்பத்தியோரு நாளுங்க. அதுவரைக்கும் இங்க மருந்து வராது, ஆளு மாத்த முடியாது. மேலிடத்துல கேட்டுட்டேன். அறிவிப்பு வந்தா மூடுவோம், வரலைன்னா ஓட்டுவோம்ங்கறாங்க. மூணே கிலோதானுங்க அக்கா குறையுது."

"இன்னைக்கு மூணு."

"ஆறு வருசத்துல யாரு வந்தாங்க, சொல்லுங்க."

அறிக்கையில் 640 என்று எழுதி அனுப்பினேன். கையெழுத்து என்னுடையது.

பணிநாள் 215. காலை 08:20

வடகரைக்குப் போன எண் 640. உண்மையான எண் 630. இனி இந்தப் பதிவில் உண்மையான எண்ணை மட்டும் எழுதுவேன். அறிக்கை அவர்களுக்கு. இது கண்டெடுப்பவருக்கு.

பணிநாள் 220. காலை 08:00

595.

செம்மேட்டில் பதினோரு வருடம் நான் விமானங்களுக்கு ஃப்யூவல் திட்டம் போட்டவள். ஐந்து சதவீதத்தை நான்காக்கச் சொல்லி விமானிகள் சில சமயம் கேட்பார்கள், கூடுதல் சரக்கு ஏற்றலாம் என்று. ஒருவருக்கும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. முகத்துக்கு நேரே பேசினார்கள், அதனால் முடியாது என்று சொல்ல முடிந்தது. இங்கே யாரும் என்னைக் கேட்பதில்லை. எட்டு மணிக்கு ஒரு எண்ணை அழுத்துகிறேன். அவ்வளவுதான்.

பணிநாள் 228. காலை 08:00

539. சவ்வு செம்மேட்டில் தயாராகவில்லை. பிளப்பானில் பழைய சவ்வைப் பிசின் வைத்து ஒட்டிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஓடியது. நின்றது.

பணிநாள் 236. காலை 08:00

483. விளக்குகள் முப்பத்தொன்பது. ஒன்று அணைந்துவிட்டது, மாற்றவில்லை.

குப்புராஜ் இன்று எண்ணைக் கேட்கவில்லை. "வழக்கம்போலத்தானுங்களே?" என்றார். வழக்கம்போலத்தான் என்றேன்.

பணிநாள் 243. அதிகாலை 04:05

இருப்பு 434.

வடகரையில் மீத்தேன் மழை. ஏரிக்கரை முழுவதும் மறைந்துவிட்டது. செம்மேட்டிலிருந்து வந்த 17-ஆம் எண் விமானம் மேலே இருபத்தைந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. பயணிகள் 26, விமானிகள் 2. கேப்டன் தாவூத் மரைக்காயர்.

இதைச் சொன்னது குப்புராஜ். பிறகு, "அக்கா, இப்ப எவ்வளவுங்க இருக்குது? நெசத்தைச் சொல்லுங்க" என்றார்.

434 என்றேன்.

அவர் பேச்சுவிசையை விடவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

06:58

"மேடே, மேடே, மேடே ஃப்யூவல். நடுமணல், இது பதினேழு. இறங்கும்போது இருபத்தோரு நிமிசம்தான் மிச்சம் இருக்கும். பாதை காலியா?"

காலி என்றேன். விளக்குகள் எரிகின்றன என்றேன். வேறு எதையும் அப்போது சொல்லவில்லை. அவர் இறங்க வேண்டும்.

07:12

இறங்கிவிட்டது. நல்ல இறக்கம். விமானத்தில் மிச்சம் 56 கிலோ. குழாயை மாட்டினேன்.

07:40

கேப்டன் விமானி அறையிலிருந்து பேசினார். நான் வெளியே டேங்கின் அருகே, கவச உடையில்.

"மேடம், உங்க டேங்க் கேஜ் கெட்டுப்போச்சா? நானூத்தி முப்பத்திநாலு காட்டுது."

"கேஜ் சரியா இருக்கு கேப்டன்."

"புக்குல அறுநூத்தி நாப்பது."

"புக்தான் தப்பு. முப்பது நாளா."

அவர் கத்தவில்லை. விமானியறைக் கண்ணாடி வழியே அவர் தலை தெரிந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அத நம்பித்தானே மேடம் மேல இருபத்தஞ்சு நிமிசம் சுத்துனேன். தெரிஞ்சிருந்தா செம்மேட்ட விட்டே கெளம்பியிருக்க மாட்டேன்."

"தெரியும் கேப்டன்."

"சரி. கணக்கப் போடுங்க. உங்களுக்குத்தான் அது வரும்னு சொல்லுவாங்க."

09:15

போட்டேன்.

காத்திருப்பது: என்னையும் சேர்த்து 29 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோ. இருப்பதெல்லாம் மூச்சுக்கே போனாலும் இருபத்திரண்டு நாள். டேங்க் ஆவியாவதைச் சேர்த்தால் இன்னும் குறைவு. சங்கிலி வண்டிக்கு முப்பத்தியோரு நாள். இன்னொரு விமானம் செம்மேட்டில் இறக்கை கழற்றிக் கிடக்கிறது. சரிப்படாது.

செம்மேட்டுக்குத் திரும்புவது: தூரம் அதிகம். சரிப்படாது.

பாதிப் பேரை இங்கே விட்டுப் போவது: விடும் ஒவ்வொருவருக்கும் மூச்சுக்கு 26 கிலோ விட வேண்டும். ஒருவர் இறங்கினால் விமானம் மிச்சம் பிடிப்பது இரண்டு கிலோ. சரிப்படாது.

வடகரைக்குப் போவது: மூன்று மணி பத்து நிமிடம். முழுச் சுமையோடு 507 கிலோ வேண்டும். சரக்கு, இருக்கைகள், பெட்டிகள் எல்லாவற்றையும் இறக்கினால் 459. கையில் 490, மழை நிற்கும்வரை அவர்கள் மூச்சுவிடுவது போக 483. போய்ச் சேரும்போது 24 கிலோ இருக்கும். பத்து நிமிடம்.

கேப்டனுக்குப் படித்துக் காட்டினேன்.

"முப்பது நிமிசம் இருக்கணும்னு சட்டம். பத்து இருக்கு" என்றார். "காத்து எதுத்தா?"

"போகாது."

"வேற வழி இருக்கா?"

"இல்ல."

11:30

பயணிகளே கவச உடை மாட்டிக்கொண்டு இருக்கைகளைக் கழற்றி வெளியே கொடுத்தார்கள். இங்கே எதற்கும் எடை குறைவு, ஆளுக்கு இரண்டாகத் தூக்கினார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்களிடம் கேப்டன் என்ன சொன்னார் என்று தெரியாது. ஒரு பெண், வடகரை மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிறவள் என்று பிறகு பட்டியலில் பார்த்தேன், என் கையிலிருந்து ஒரு இருக்கையை வாங்கி மணலில் நேராக நிமிர்த்தி வைத்தாள். "தேங்க்ஸ் மேடம், ரொம்ப நேரமா நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்றாள். உட்காரச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. உட்காரவில்லை.

13:35

வடகரையில் மழை நின்றது. காற்று அளவு கிடைக்கவில்லை, காற்றுமானிக் கம்பம் சாய்ந்துவிட்டதாகக் குப்புராஜ் சொன்னார்.

கேப்டன்: "மேடம், நீங்களும் ஏறுங்க. ரெண்டு கிலோதானே, பாத்துக்கலாம்."

"ஆளில்லாம தளத்த விடக் கூடாது கேப்டன். விதி."

"என்ன விதி மேடம் இனிமே?"

"குடியிருப்புக்குன்னு தனி டேங்க் இருக்கு. அறுபத்திரெண்டு கிலோ. சங்கிலி வண்டி வர்றவரைக்கும் எனக்குப் போதும்."

"நெசமாப் போதுமா?"

"போதும்."

"அப்ப சரி. உடம்பப் பாத்துக்கங்க."

குழாயைக் கழற்றினேன்.

14:05

கிளம்பிவிட்டது.

16:20

குப்புராஜ் வானொலியை இணைத்து வைத்திருக்கிறார். நானும் கேட்கிறேன்.

"வடகரை, பதினேழு. எதிர்க்காத்து. நெனச்சதவிட நிறைய. வேகத்தக் குறைச்சுப் பாக்குறேன்."

"சரிங்க கேப்டன். பாதை காலியா வெச்சிருக்கோமுங்க."

காற்றைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம் கூடுகிறது. கையில் பத்து. குறைவது எட்டு நிமிடம். மறுபடி போட்டேன். எட்டு.

17:10

"வடகரை, மேடே ஃப்யூவல். கேஜ்ல பதினஞ்சு நிமிசம் காட்டுது. உங்ககிட்ட வர இருபத்திமூணு வேணும். ஏரிக்கு மேலதான் வரணும், வேற தரை கிடையாது."

"கேப்டன், விளக்கெல்லாம் போட்டாச்சுங்க. வாங்க."

17:25

"ரெண்டு இஞ்சினும் நின்னுருச்சு. சறுக்கிக்கிட்டு வர்றேன். உள்ள எல்லாரையும் தரையில படுக்கச் சொல்லிட்டேன். ஒருத்தரும் சத்தம் போடல. அதையும் எழுதிக்கங்க."

17:29

"கரை தெரியுது. விளக்கு தெரியுது குப்புராஜ். எட்டாது."

17:30

வானொலியில் ஒன்றுமில்லை.

17:50

வானொலியில் ஒன்றுமில்லை.

பணிநாள் 244. காலை 08:00

முதன்மை டேங்க் 0. தளம் தயாரில்லை. முதல்முறையாக அறிக்கையிலும் இந்தப் பதிவிலும் ஒரே எண்.

கரையிலிருந்து பதினாறு கிலோமீட்டர் தள்ளி இறங்கியிருக்கிறது. திரவ மீத்தேன் தண்ணீரைப்போல் தாங்காது, அதற்கென்று கட்டிய படகு தவிர போட்ட எதுவும் மூழ்கிவிடும். படகு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. இருபத்தெட்டுப் பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

பணிநாள் 245. காலை 08:10

"அக்கா, வண்டி கெளம்பிருச்சுங்க. அப்புறம்... நான் அன்னைக்கு உங்ககிட்ட பேசுனது எல்லாம் பதிவுல இருக்குதுங்க. விசாரணைக்குக் கேப்பாங்க."

"இருக்கட்டும்."

"நான்தானுங்க அக்கா சொன்னேன். மூணு கிலோன்னு நான்தான் சொன்னேன்."

"கையெழுத்துப் போட்டது நான்."

அவர் அழுதார். வானொலியில் அழுகை விட்டுவிட்டு வரும். முடியட்டும் என்று காத்திருந்தேன். எட்டு இருபதுக்குத் தொடர்பை அணைத்தேன்.

பணிநாள் 247. காலை 09:00

தலைமையகத்திலிருந்து மூடல் அறிவிப்பு வந்திருக்கிறது. நடுமணல் இனி மாற்றுத்தளமாகக் கொள்ளப்படாது, காரணம் இருப்புக் குறைவு. நான் 214-ஆம் நாள் எழுதி அனுப்பாமல் வைத்ததும் இதே வாசகம்தான். படிவம் அப்படி.

பணிநாள் 252. மாலை 04:00

வெளியே போனேன். இருபத்தாறு இருக்கைகள் மணலில் கிடக்கின்றன. அந்தப் பெண் நிமிர்த்தி வைத்தது மட்டும் நிற்கிறது. மற்ற இருபத்தைந்தையும் நிமிர்த்தினேன். ஏன் என்று தெரியவில்லை. வரிசையாக வைக்கவில்லை. விழுந்த இடத்திலேயே நிமிர்த்தினேன்.

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். உடம்பில் எதுவும் வலிக்கவில்லை.

பணிநாள் 259. காலை 11:00

இன்று எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் இந்தப் பதிவும் அந்த 640 மாதிரி ஆகிவிடும்.

குடியிருப்பு டேங்கில் 62 கிலோ இருந்தது. அதற்கும் முதன்மை டேங்குக்கும் நடுவே ஒரு குழாய் உண்டு. கையால் திருப்பும் வால்வு. முத்திரை வைத்துப் பூட்டியிருக்கும். உடைக்கலாம். ஐந்து நிமிட வேலை.

முப்பத்தியோரு நாளுக்கு எனக்கு வேண்டியது 26 கிலோ. தனியாள் இருக்கும் தளத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வைக்க வேண்டும் என்பது விதி. அதைப் பிடித்துக்கொண்டேன். முப்பது நாள் ஒரு விதியை உடைத்தவள், அன்று இந்த விதியை மட்டும் காப்பாற்றினேன். கேப்டனுக்கு அந்தக் குழாய் இருப்பது தெரியாது. அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

குறைந்தது எட்டு நிமிடம். இருபது கிலோ.

கொடுத்துவிட்டும் நான் இங்கே உயிரோடு இருந்திருப்பேன்.

அல்லது நானும் ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் அறுபத்திரண்டும் விமானத்துக்குப் போயிருக்கும். எல்லாரும் இறங்கியிருப்போம். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். இறங்கியிருப்போம்.

ஆளில்லாமல் தளத்தை விடக் கூடாது என்றேனே, அது பொய். அப்படி ஒரு விதி உண்டு, ஆனால் அதற்காக நான் நிற்கவில்லை. பத்து நிமிட இருப்போடு போகிற விமானத்தில் ஏற எனக்குப் பயமாக இருந்தது. பதினோரு வருடம் அந்த எண்ணைப் பார்த்தவள். பத்து நிமிடம் என்றால் என்ன என்று அந்த இருபத்தெட்டுப் பேரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

குடியிருப்பு டேங்கை விட்டுக்கொடுத்தால் நானும் ஏற வேண்டியிருக்கும் என்று நினைத்தேனா? நினைத்திருப்பேன். ஒரு நொடி. அதனால்தான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பணிநாள் 260. காலை 08:00

குப்புராஜின் இடத்தில் வேறு ஒருவர் பேசினார். பெயர் கேட்கவில்லை. நேற்று எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டலாம் என்று பேச்சுவிசையை அழுத்தினேன். "சொல்லுங்க நடுமணல்" என்றார். காற்று மேற்கிலிருந்து என்றேன்.

பணிநாள் 268.

நேரம் பார்க்கவில்லை. வெளிச்சம் இருந்தது. இங்கே எட்டு நாள் வெளிச்சம் எட்டு நாள் இருட்டு, அதனால் ஒன்றும் தெரியாது.

விளக்குகள் முப்பத்தாறு. எதற்கு எரிகின்றன என்று தெரியவில்லை. அணைக்கவும் இல்லை.

பணிநாள் 276. மதியம் 01:15

சங்கிலி வண்டி வந்துவிட்டது. இரண்டு பேர். ஓட்டுநர் எசக்கியம்மாள், நாங்குநேரிப் பக்கம். கூட வந்தவர் விசாரணைக்காக டேங்குகளுக்கு முத்திரை வைக்கப் போய்விட்டார்.

எசக்கியம்மாள் உள்ளே வந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு முதலில் சுவரிலிருந்த கேஜைப் பார்த்தாள்.

"எக்கா, முப்பத்திநாலு கிலோ கெடக்கே! நாங்க வழியெல்லாம் பயந்துக்கிட்டேல்லா வந்தோம், நீங்க மூச்சுக்குத் திண்டாடிக்கிட்டு இருப்பியன்னு. நல்லவேளை, நெறைய மிச்சம் வச்சிருக்கிய."

ஆமாம் என்றேன்.

அவள் டீ போட்டாள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். என் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண். முப்பத்தியோரு நாள் எனக்காக மணலில் வந்திருக்கிறாள்.

"ஒத்தையில இருந்தியளே, பயமா இல்லையாக்கா?"

பயமாக இருந்தது என்றேன்.

"இருக்கும்லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை.

கையை எடுக்கவில்லை. டீ ஆறிவிட்டது. 259-ஆம் நாள் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்திருக்கிறேன். இன்னும் குனிந்து பார்க்கவில்லை. டம்ளரைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று அவள் எழுந்தாள். இப்போது குனிகிறாள்.